அத்தான் வாங்கிய டாக் பெட்டிகள்

அக்கா வீட்டுக் கூடத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயரில், சத்தம் கூட்டும் திருகுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நகப்பூச்சுப் புள்ளி. அக்கா நகத்துக்குப் பூச்சுப் போடுகிறவள் இல்லை. மகள் வேலைக்காகப் பெங்களூர் போகும்போது விட்டுச்சென்ற குப்பியைத் திறந்து, தீக்குச்சியின் பின்முனையால் தொட்டு அவளே வைத்த அடையாளம் அது. கடிகாரத்தில் பத்து மணிக்குச் சின்ன முள் நிற்கும் இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் வைத்திருந்தாள். பாட்டு கேட்கும்போது திருகின் கோடு அந்தப் புள்ளிக்கு நேராக நிற்க வேண்டும். யாராவது அதைத் தாண்டித் திருகினால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிடுவாள். "இதுக்கு மேல வச்சா அது பாட்டு இல்லலே, கூப்பாடு" என்பாள். முப்பது வருடத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் ஆர்கன் வாசித்தவள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். பாட்டு எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அக்காவுக்குக் காது மங்கத் தொடங்கியது. இன்று இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று அந்த வீட்டில் அந்த வரியை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் டாக் வாங்கினோம். ஒன்று வாங்கினோம், அது போதாமல் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வாங்கியவர் அத்தான், அக்காவின் கணவர். வாங்க யோசனை சொன்னவன் நான். அத்தான் இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை அல்ல, ஒரு நமைச்சல். அவரோடு முடிக்காத சண்டை ஒன்று இருக்கிறது. அதை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

டாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இப்போது பாட்டு இசைத்தட்டிலும் நாடாவிலும் இல்லை, கைபேசியில் வெறும் எண்களாக இருக்கிறது. எண்களைக் கொண்டுபோய் ஸ்பீக்கரிடம் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம். அந்த எண்களை ஏறி இறங்கும் மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க ஒன்று வேண்டும், அதுதான் டாக். கைபேசிக்குள்ளேயே கடுகளவில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு அது போதாது. சாப்பாட்டு டப்பா அளவில் தனியாக ஒரு பெட்டி வாங்குவோம். வாங்கிக் கூடத்தில் வைத்த மறுநாளே, இதைவிட நல்லது ஒன்று எங்கோ இருக்கிறது என்ற அரிப்பு தொடங்கிவிடும். பிறகு அதைப் பாதி விலைக்கு விற்று இன்னொன்று வாங்குவோம். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். வகுப்பில் நிதானமாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால் ஒரு பாட்டை முழுதாகக் கேட்க மாட்டேன். இந்தப் பெட்டியில் தபலாவின் இடது கை சரியாக விழுகிறதா, அந்தப் பெட்டியில் எப்படி விழுந்தது என்று எழுந்து எழுந்து வயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவி ஒருமுறை சொன்னாள், "உங்களுக்கு வேண்டியது பாட்டு இல்ல, பிரிக்கதுக்கு ஒரு அட்டப்பொட்டி." அவள் சொன்னதில் தப்பில்லை.

அத்தான் இதற்கெல்லாம் நேர் எதிர். முருகன்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஊருக்கே அவர் அண்ணாச்சி. சங்கீத ஞானம் மருந்துக்கும் கிடையாது. கோயிலில் பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வெளியே வரக்கூடாது என்பது கல்யாணம் ஆன முதல் வாரமே அக்கா போட்ட உத்தரவு. அதைக் கடைசிவரை மீறாமல் இருந்தார். கடையில் அவரிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு, பிடிக்காத பழக்கமும் அதுவேதான். எந்த நோயையும் அதன் பெயரால் சொல்ல மாட்டார். சர்க்கரை முற்றியவரிடம் "லேசா எட்டிப் பாக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்பார். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டி எழுதியிருந்தால், "அதே மாத்திரதான், கம்பெனி மட்டும் வேற" என்று கொடுத்தனுப்புவார். அளவு கூடியது தெரிந்தால் பாதிப் பேருக்கு அந்தப் பயத்திலேயே நோய் கூடிவிடும் என்பது அவர் கட்சி. "கூட்டணும்னா பைய கூட்டணும் மாப்ளே, கூட்டுனது தெரியக்கூடாது" என்று அவர் சொல்லும்போது, மருந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு, "மாப்ளே, ஒரு டாக் வாங்கணும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடம் என் பெட்டிகளைப் பார்த்து, இதெல்லாம் துரு பிடிக்கிறதுக்கு முன்னால் விற்றுவிடு என்று கேலி செய்த மனிதர். என்ன விஷயம் என்று கேட்டேன். "உங்க அக்கா பாட்டு மங்கலா இருக்குங்கா. ஜமுக்காளத்தப் போட்டு மூடுன மாதிரி இருக்காம். வயலினெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கா" என்றார். கைபேசியிலிருந்து நேரே வயர் போட்டுக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நான் தொடங்கினேன். உள்ளே இருக்கும் சில்லு, வடிகட்டி, கடிகாரம், மின்சாரச் சுத்தம் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல எத்தன வோல்ட்டு வெளிய வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக் வாங்குகிறவன் ஆயிரம் கேள்வி கேட்பான், இதை மட்டும் கேட்க மாட்டான். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு வோல்ட் வரும், சிலவற்றில் கொஞ்சம் கூட. அவ்வளவுதான், அதில் ருசி எதுவும் இல்லை. "வோல்ட் பாத்து வாங்க இது என்ன ஸ்டெபிலைசரா அத்தான்?" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் காட்டிய பெட்டிகளில், நான் இரண்டாவதாக மதித்த ஒன்றைத்தான் எடுத்தார். அதில்தான் வோல்ட் கூடுதல்.

பெட்டி வந்த அன்று மாலை அக்காவைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து நான் ஒரு சோதனை நடத்தினேன். எங்கள் கூட்டத்தில் அது ஒரு சடங்கு. எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இதில் எல்லாக் கற்றுக்குட்டிகளும் செய்யும் பிழை ஒன்று உண்டு. இரண்டின் சத்தத்தையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால், எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுவே ஜெயிக்கும். காது அதைச் சத்தம் என்று சொல்லாது, நன்றாக இருக்கிறது என்று சொல்லும். இதை நான் எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அளவைச் சரிசெய்யத் திருகில் கை வைத்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "புள்ளியத் தாண்டாத" என்றாள். சரி, அவள் வீடு, அவள் சட்டம் என்று விட்டுவிட்டேன். புதுப் பெட்டி ஓடியதும் அவள் முகம் மலர்ந்தது. "ஏங்க, இதுலதான் வயலின் இருக்கு" என்றாள். அத்தான் என் தோளில் தட்டினார். என் தேர்வுதான் ஜெயித்தது என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சில மாதங்களில் ஜமுக்காளம் திரும்பி வந்தது. மறுபடியும் அத்தான் ஸ்கூட்டரில் வந்தார், மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நான்கு வோல்ட் தரும் ஒன்றை வாங்கினோம். அக்கா மறுபடியும் மலர்ந்தாள். நல்லவேளையாக உங்கள் தம்பி இதில் கெட்டிக்காரன் என்று பாடகர் குழுவில் யாரோ சொன்னதாகவும் சொன்னாள். அந்தப் பாராட்டில் நான் வயரை எல்லாம் ஒருமுறை மாற்றிக்கொடுத்தேன்.

உண்மை என் வீட்டுக் கூடத்தில்தான் வெளிப்பட்டது. என்னுடைய பெட்டியை வழக்கம்போல் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அடுத்தது வரும்வரை பாட்டில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அக்காவும் அத்தானும் மகளைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார்கள். அவர்கள் பெட்டியை எடுத்துவந்து மாட்டினேன். என் ஆம்ப்ளிஃபயரும் அக்காவுடையதும் ஒரே ரகம், நானேதான் அவளுக்கும் வாங்கிக் கொடுத்தேன். திருகை அவள் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் வைத்துப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி உள்ளிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். நான் அவசரமாகக் குறைத்தேன். குறைத்த பிறகுதான் உறைத்தது. இந்தச் சத்தத்தில் அக்கா தினமும் கேட்கிறாள். கேட்டுவிட்டு, இதமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். அவள் வீட்டில் பாட்டு ஓடும்போது நான் இருந்திருக்கிறேனே, எனக்கு ஏன் தெரியவில்லை? என் காது எப்போதும் பெட்டியின் குணத்தைத் தேடிக்கொண்டிருந்தது, அக்காவைப் பார்க்கவில்லை. வோல்ட் கூடக் கூட, அதே புள்ளியில் சத்தம் கூடும். அவள் கண்ணுக்குத் திருகு நகராது. அத்தான் இத்தனை நாள் டாக் வாங்கவில்லை, அந்தத் திருகை நகர விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் கடைக்குப் போனேன். அத்தான் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார். "அக்காக்குக் காது கேக்கலையா அத்தான்?" என்றேன். நின்றிருந்தவருக்கு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"பையப் பேசுலே. கேக்குது. கொஞ்சம் கம்மியாக் கேக்குது. அத நாம கூட்டிக் குடுக்கோம். அம்புட்டுத்தான்."

"டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போக வேண்டாமா? அவகிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொன்னா ஆர்கன்ல இருந்து எந்திரிச்சிருவா. உங்க அக்காவ உனக்குத் தெரியாதா?"

தெரியும். பல வருடத்துக்கு முன்னால், பாடகர் குழுவில் இருந்த வயதான ஒருவருக்குச் சுதி விலகத் தொடங்கியபோது, பாவம், ஓரமாக நின்று பாடிவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. "சுதி போனா எறங்கிரணும். எனக்குப் போனா நானும் எறங்கிருவேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். அத்தானுக்குப் பயம் காதைப் பற்றி இல்லை. ஆர்கன் இல்லாத அக்காவை அவருக்குத் தெரியாது. காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போதுகூட இடது காலால் ஏதோ மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டிருக்கும் மனுஷியோடுதான் அவர் வாழ்ந்திருந்தார்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்பாவிட்டால் இன்னும் ஓர் அடி கிட்டே போய்க் கூப்பிடுவேன், திரும்பிவிட்டால் ஒருவேளை நாங்கள்தான் தப்பாக நினைக்கிறோமோ என்று இருக்கும். ஒருமுறை எல்லோரும் பாபநாசத்துக்கு மேலே அருவிக்குப் போயிருந்தோம். தண்ணீர் விழும் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் "என்ன, என்ன" என்று கத்திக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எலுமிச்சைச் சோறு வேண்டும் என்றவனுக்கு அதை எடுத்துக் கொடுத்தாள், துண்டு எங்கே என்றவளுக்குக் கையைக் காட்டினாள். அவள் எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. அத்தானைப் பார்த்தேன். அவர் பாறையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். எனக்கோ எழுந்து போய் அவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

மூன்றாவது பெட்டியை அவர் என்னிடம் கேட்காமலேயே வாங்கினார். அதில் வெளியே வரும் அளவை உள்ளுக்குள்ளேயே கூட்டிக் குறைக்கலாம். முகப்பில் சின்னதாக ஓர் எண் தெரியும். அக்காவுக்கு அது என்னவென்று தெரியாது, வெப்பமோ என்னவோ என்று நினைத்திருந்தாள். அவள் கொல்லைப்பக்கம் கறிவேப்பிலை பறிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, அத்தான் ரிமோட்டை எடுத்து அந்த எண்ணில் ஒன்று கூட்டிவைப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் தனியாகப் போய், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்படியாக இரண்டு கிறிஸ்மஸ் போனது. அக்கா வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். முதுகுக்குப் பின்னால் பீடத்தில் நிற்கும் ஐயரை அதில்தான் பார்ப்பாள். ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் போதகரை. அவர் வாய் மூடியதும், கை தாழ்ந்ததும் பார்த்துத் தொடங்கிவிடுவாள். ஒரு பிசகும் நேரவில்லை.

பிசகு அசனப் பண்டிகை அன்று நேர்ந்தது. அறுவடைக்கு நன்றி சொல்லும் ஞாயிறு அது. வாழைத்தார், பூசணி, கரும்பு, சேவல் என்று கோயில் வாசல் முழுக்கக் காணிக்கை குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும், பிறகு மொத்த சபைக்கும் சாப்பாடு, அதைத்தான் அசனம் என்போம். வெளியே அண்டாவில் சாம்பார் கொதிக்கிற வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. அன்று வெளியூரிலிருந்து ஒரு வயதான ஐயர் வந்திருந்தார். அந்த வருடத்தில் இறந்துபோனவர்களுக்காக ஜெபித்தார். மெல்லிய குரல். ஒருவரை நினைத்து ஒரு வாக்கியம் சொல்வார், தலை குனிந்து சற்று நிற்பார், பிறகு அடுத்தவர். எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள், அவள் கணவனைப் பற்றிய வாக்கியம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாக்கியத்தின் நடுவில் ஐயர் நிறுத்தினார். தலை குனிந்தார். அக்கா கண்ணாடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஜெபம் முடிந்தது என்று நினைத்து, ஆர்கனின் முழுக்குரலையும் திறந்து, ஜெபத்தின் முடிவில் வாசிக்கும் மூன்று ஆமென்களில் முதல் ஆமெனை அடித்துவிட்டாள். கோயிலுக்கே தூக்கிவாரிப் போட்டது. பையன்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண் திரும்பி ஆர்கனைப் பார்த்தாள். ஐயர் இன்னும் ஜெபத்தை முடிக்கவில்லை என்பதுகூட அக்காவுக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆமெனையும் முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அன்று அசனத்துக்கு நாங்கள் உட்காரவில்லை. நேரே அக்கா வீட்டுக்கு வந்தோம். அவள் வரும் வழியெல்லாம், "அந்த ஐயருக்குக் கொரலே இல்ல. வாய்க்குள்ள மொனங்குதாரு. நடுவுல நிறுத்தி நிறுத்தி ஜெபம் பண்ணுனா ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் இனிப் பொறுக்க முடியாது என்று வாயைத் திறந்தேன். அத்தான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பிள்ள, இங்கன வந்து உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். அவர் பாட்டைப் போட்டார். அவளுக்குப் பிடித்த ஆர்கன் இசை. திருகு புள்ளியில் நின்றது. வழக்கம்போல் கூடம் அதிர்ந்தது. பிறகு ரிமோட்டை எடுத்து, அவள் பார்க்கும்படியாகவே, பெட்டியின் முகப்பில் இருந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார். எங்கள் காதுக்குப் பாட்டு மெல்லத் தணிந்து, ஒரு வீட்டுக் கூடத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வந்து நின்றது. அக்கா அந்தப் புள்ளியை வைத்த நாளில் கேட்ட சத்தம் அதுதான். அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு அத்தானை.

"நிறுத்திட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஓடுது."

அவள் எழுந்து போய் ஸ்பீக்கரின் துணியை விலக்கி, உள்ளே இருந்த கூம்பில் உள்ளங்கையை வைத்தாள். அது துடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்காமலேயே நின்றாள். பாட்டு முடிந்து கூம்பு அடங்கும்வரை நின்றாள்.

"எம்புட்டு நாளா?" என்றாள்.

"மொதப் பொட்டியில இருந்து" என்றார் அத்தான்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கும் தெரியுமாலே?" நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுரண்டி எடுத்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய ஆர்கன் சாவியை எடுத்துக்கொண்டு, எங்கள் சபை ஐயர் வீட்டுக்கு நடந்து போனாள். கூட வருகிறேன் என்ற அத்தானை வர வேண்டாம் என்றுவிட்டாள். பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்பி வந்து எங்களுக்குக் காப்பி போட்டுத் தந்தாள். சர்க்கரை சரியாகவே இருந்தது.

அடுத்த மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைப் பொருத்திய பெண், கணினியில் எதையோ மாற்றி மாற்றி, "இது நல்லாருக்காம்மா? இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டாள். நான் துண்டைப் போட்டு நடத்திய சோதனையைத்தான் அவளும் நடத்தினாள், ஆனால் அளவைச் சரியாக வைத்து நடத்தினாள். அந்த அவரைக்கொட்டை அளவுக் கருவிக்குள்ளும் ஒரு டாக் இருக்கிறது. நாங்கள் வாங்கியதிலேயே சின்னது அதுதான். பொருத்தி முடித்ததும், எங்களில் அக்கா முதலில் கேட்டது அத்தானின் குரல். "ஏங்க, ஒங்க கொரலு இம்புட்டுக் கரகரப்பாவா இருக்கு?" என்றாள். அத்தான் அங்கேயே சிரித்து, அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் கருவி பேச்சுக்காகச் செய்தது. அதை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டால் ஆர்கன் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போல இருக்கிறது என்றாள் அக்கா. கழற்றிவிட்டால் ஒன்றும் இல்லை. பொருத்திய பெண்ணிடம் கேட்டோம். பாட்டுக்கு இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது என்றாள். பேச்சாவது தெளிவாகும் அல்லவா என்று நான் கேட்டேன். ஓரளவுக்கு ஆகும், இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் சொற்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் இவ்வளவு விட்டுப்போயிருக்காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கணினியைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அது நெஞ்சில் அறைந்தது. மறுநாளே கடைக்குப் போய், ஆட்கள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். "நீங்க அக்காவுக்கு மருந்து குடுக்கல அத்தான், மயக்கம் குடுத்தீங்க." அவர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். "இருக்கட்டும் மாப்ளே" என்றார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்தவனுக்கு அது ஒரு பதிலா? விளக்கம் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அதற்குப் பிறகு பார்த்தால் சிரித்துக்கொள்வோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம், அதோடு சரி. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் அக்கா வரச்சொன்னாள். மூன்று பெட்டிகளும் அலமாரியில் தூசி அடைந்து கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு போ என்றாள். போனேன். இப்போது அவளிடம் பேசும்போது எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். அப்படியும் பாதி போய்ச் சேராது. வீட்டுக்கு வந்தவர்கள் பேசும்போது தெரிந்ததுபோல் சிரித்துவைக்கிறாள், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னால் அடக்க முடியவில்லை. "அத்தான் மொதல்லயே சொல்லியிருந்தா இப்ப ஒனக்குப் பேச்சு நல்லாக் கேக்கும்க்கா. ரெண்டு வருசத்தப் பாழாக்கிட்டாரு" என்றேன்.

"என்ன சொல்லுத?" என்று காதை என் பக்கம் திருப்பினாள்.

செத்தவரைப் பற்றிய குறையை இரண்டாவது தடவை, தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவள் துணியை உதறி மடித்து வைத்தாள்.

"சொல்லியிருந்தா அன்னைக்குச் சாயங்காலமே சாவியக் குடுத்திருப்பேன்லே" என்றாள். "அவரு சொல்லாததுனாலதான் ரெண்டு கிறிஸ்மஸ் கூட வாசிச்சேன்."